2003: தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் மீண்டும் மாணவர்களான ஆண்டு



மலேசியத் தமிழ்ப்பள்ளிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1816ஆம் ஆண்டு பினாங்கு ஃபிரீ பள்ளியில் அமைந்த தமிழ் வகுப்பிலிருந்து தொடங்குவர். பின்னர் தோட்டப்பள்ளிகள், ரசாக் அறிக்கை, 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் எனப் படிப்படியாக நகர்வர். கட்டடங்களும் சட்டங்களும் மாணவர் எண்ணிக்கையும் அவ்வரலாறுகளில் விரிவாக இடம்பெறுகின்றன. வகுப்பறையில் நின்ற ஆசிரியர் என்ன கற்றார், எவரிடம் கற்றார், எந்த மொழியில் கற்றார் என்பது மட்டும் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. ஆசிரியர் பயிற்சி என்னும் நோக்கில் பார்த்தால், நம் பள்ளிகளுக்கு 2003ஐப் போல் இன்னோர் ஆண்டு வாய்க்கவில்லை என்பதே என் கருத்து. இதைப் பாராட்டாகச் சொல்கிறேனா, குறையாகச் சொல்கிறேனா எனக் கேட்பீர்கள். இரண்டும்தான்.

முன்னைய நிலையைச் சற்றே நினைவுபடுத்திக்கொள்வோம். தோட்டப்பள்ளிகளின் தொடக்க காலத்தில் கங்காணியோ, கிராணியோ, ஓரளவு எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளியோ பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தனர். முறையான பயிற்சி பெற்றவர் அரியர். 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கைக்கும் 1957ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்திற்கும் பிறகு, பகல்நேரப் பயிற்சி நிலையங்கள் வழியாகப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் பெருகினர். அடுத்த பெரும் அலை 1983இல் வந்தது. கேபிஎஸ்ஆர் என நாமறிந்த தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் நாடு முழுவதும் அறிமுகமான ஆண்டு அது. வாசிப்பு, எழுத்து, கணிதம் ஆகிய மூன்று அடிப்படைத் திறன்களும், குழுமுறைக் கற்பித்தலும், குறைநீக்கல் போதனையும், வளப்படுத்தும் போதனையும் அப்போதுதான் நம் ஆசிரியர்களின் அன்றாடப் பேச்சில் நுழைந்தன. மூத்த ஆசிரியர்கள் 'கேபிஎஸ்ஆர் பயிற்சி' என்று சொல்லும்போது அவர்கள் குரலில் ஒருவிதப் பெருமிதம் இருப்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். எவ்வாறு கற்பிப்பது என்பதைப் பற்றிய பயிற்சி அது.

2003இன் பயிற்சி வேறுவகை. டாக்டர் மகாதீர் முகமது அவர்கள் பிரதமராகவும் டான் ஸ்ரீ மூசா முகமது அவர்கள் கல்வி அமைச்சராகவும் இருந்த காலம். கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்க வேண்டும் என்னும் முடிவை 2002ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் அமைச்சரவை எடுத்தது. 2003 ஜனவரியில் முதலாம் ஆண்டு, படிவம் ஒன்று, கீழ் ஆறாம் படிவம் ஆகிய மூன்று நிலைகளிலும் ஒரே வேளையில் திட்டம் நடப்புக்கு வந்தது. பிபிஎஸ்எம்ஐ என்னும் மலாய்ச் சுருக்கப் பெயர் அன்று முதல் ஒன்பது ஆண்டுகள் நம் செவியில் ஒலித்தது. முடிவுக்கும் முதல் பாடத்திற்கும் இடையே ஆறு மாதங்கள்கூட இல்லை. அதற்குள் பாடத்திட்டம், பாடநூல், குறுந்தட்டு, கருவிகள், ஆசிரியர் பயிற்சி யாவும் ஆயத்தமாக வேண்டியிருந்தன. அறிவியல் அதுவரை நான்காம் ஆண்டில்தான் தனிப்பாடமாகத் தொடங்கியது. 2003இல் அது முதலாம் ஆண்டுக்கே இறங்கி வந்தது. ஆகவே, முதலாம் ஆண்டு ஆசிரியர் தாம் அதுவரை கற்பித்திராத பாடத்தை, தாம் அதுவரை கற்பித்திராத மொழியில் கற்பிக்க நேர்ந்தது.

சீனப்பள்ளிகள் இதனை எவ்வாறு எதிர்கொண்டன என்பது தனி வரலாறு. நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பின், சீன மொழியில் கணிதமும் அறிவியலும் தொடர, ஆங்கிலப் பாடவேளைகளையும் உடன்சேர்க்கும் ஓர் இணக்கத்தை அவை பெற்றன. தமிழ்ப்பள்ளிகள் அரசின் திட்டத்தை அப்படியே ஏற்றுக்கொண்டன. ஏற்றுக்கொண்டோரை இன்று எளிதாகக் குறைகூறிவிடலாம். ஆயினும், அன்றைய பெற்றோரின் கணக்கையும் நாம் நேர்மையோடு பார்க்க வேண்டும். தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை படிவம் ஒன்றில், அல்லது புகுமுக வகுப்பில் காலெடுத்து வைக்கும்போதே தமிழ்க் கணிதத்தை விட்டு மலாய்க் கணிதத்திற்குத் தாவ வேண்டியிருந்தது. இனி இடைநிலைப்பள்ளியிலும் ஆங்கிலந்தான் என்றால், முதலாம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டால் ஒரு தாவலாவது மிஞ்சுமே என அவர்கள் எண்ணினர். ஆங்கிலம் வாராது என்னும் காரணத்தால் தமிழ்ப்பள்ளியைத் தவிர்த்த குடும்பங்கள் திரும்பி வரக்கூடும் என்னும் நம்பிக்கையும் இருந்தது. தமிழ்மொழியின் இடம் பாதியாகச் சுருங்குகிறதே என்று கவலைப்பட்டோரும் இருந்தனர். இருசாராரும் ஒரே பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அருகருகே அமர்ந்திருந்தனர்.

இனி பயிற்சிக்கு வருவோம். இ-டெம்ஸ் எனப்பட்ட அப்பயிற்சி, கணிதம், அறிவியல் ஆசிரியர்களின் ஆங்கிலத்தை மேம்படுத்தும் பொருட்டு வகுக்கப்பட்டது. நேரடி வகுப்புகள் இரு கட்டங்களாக நடைபெற்றன. அவற்றுக்குத் துணையாகத் தாமே கற்பதற்கான ஏடுகளும், பள்ளியிலேயே ஆங்கிலம் நன்கறிந்த ஒருவர் மற்றவருக்குத் தோழராக நின்று உதவும் ஏற்பாடும் அமைந்தன. தகவலைத் தேடிப் பெறுவதற்கான மொழி, கணிதத்தையும் அறிவியலையும் கற்பிப்பதற்கான மொழி, சக ஆசிரியர்களோடு தொழில்முறையில் கருத்துப் பரிமாறுவதற்கான மொழி எனப் பாடப்பகுதிகள் மூன்றாகப் பிரிக்கப்பட்டிருந்தன. திட்டமிட்டவர்கள் அறிவோடுதான் திட்டமிட்டனர் என்பதில் எனக்கு ஐயமில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் தமிழில் கணிதம் கற்பித்துத் தேர்ந்த ஓர் ஆசிரியருக்குச் சில நாள் வகுப்பு எவ்வளவு தரமுடியும் என்பதே கேள்வி.

அவ்வாண்டில் நான் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் மாணவியாக இருந்தேன். கற்பித்தல் பயிற்சிக்குச் சென்ற பள்ளியில், ஓய்வுபெறும் அகவையை நெருங்கிய ஆசிரியை ஒருவர் முதலாம் ஆண்டுக்குக் கணிதம் போதித்தார். மறுநாள் சொல்லவேண்டிய ஆங்கில வாக்கியங்களை முதல்நாள் மாலையே சிறு குறிப்பேட்டில் எழுதி, ஆங்கில ஆசிரியையிடம் உச்சரிப்பைக் கேட்டுத் தமிழெழுத்தில் குறித்துக்கொள்வார். எவரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. "பிள்ளைங்க முன்னால தப்பா சொல்லிடக் கூடாதும்மா" என்பார். அக்காலத்தில் எத்தனையோ ஆசிரியர் அறைகளில் இது நடந்தது.

ஊக்கத்தொகையும் உண்டு. கணிதம், அறிவியல், ஆங்கிலம் கற்பித்தோருக்குச் சம்பளத்தில் 5 அல்லது 10 விழுக்காடு வழங்கப்பட்டது.  அதே பள்ளியில் தமிழ்மொழியும் நன்னெறியும் கற்பித்தவருக்கு ஒன்றுமில்லை. எந்தப் பாடம் மதிப்புமிக்கது என்பதை எந்தச் சுற்றறிக்கையையும்விடச் சம்பளச் சீட்டு தெளிவாகச் சொல்லிவிட்டது!

சிறிய பள்ளிகளின் நிலையைத் தனியே கூறவேண்டும். 150 மாணவர்களுக்குக் குறைவாக உள்ளவை குறைந்த மாணவர் பள்ளிகள் எனப்படும். தமிழ்ப்பள்ளிகளுள் இத்தகையவை மிகுதி. ஏழெட்டு ஆசிரியர்கள் மட்டுமே உள்ள பள்ளியில் இருவர் பயிற்சிக்குச் சென்றால், எஞ்சியோர் வகுப்புகளைச் சேர்த்து நடத்தவேண்டும். தலைமையாசிரியரே சாக்கட்டியைக் கையிலெடுப்பார். பெரிய பள்ளியில் கணிதத்திற்கு ஒருவர், அறிவியலுக்கு ஒருவர் எனப் பயிற்சிக்கு அனுப்பலாம். சிறிய பள்ளியில் ஒருவரே இரண்டுக்கும் சென்று, மீண்டும் வந்து, அடுத்த ஆண்டு இரண்டாம் ஆண்டுப் பாடத்திற்கும் ஆயத்தமாக வேண்டும். தோழராக நின்று உதவ ஆங்கிலம் அறிந்தவர் அப்பள்ளியில் இருக்கிறாரா என்பதும் நற்பேற்றைப் பொறுத்தது.

இத்தனைக்கும் நடுவே, நம் பள்ளிகளுக்குள் கணினி நுழைந்ததும் இத்திட்டத்தால்தான் என்பதை மறுக்க இயலாது. கணிதம், அறிவியல் ஆசிரியர்களுக்கு மடிக்கணினிகளும், எல்.சி.டி. ஒளிபடக்காட்டிகளும், திரைகளும், பாடக் குறுந்தட்டுகளும் வழங்கப்பட்டன. மின்கம்பி இணைப்பே சரியாக இல்லாத தோட்டப்பள்ளிகளுக்கும் அவை வந்து சேர்ந்தன. திருட்டுக்கு அஞ்சி அவற்றை இரும்பு அலமாரியில் பூட்டி வைத்த பள்ளிகளும் உண்டு. சன்னல்களுக்குக் கம்பிக் கதவு போட்ட பள்ளிகளும் உண்டு. எனினும், அதுவரை மணிலா அட்டையில் பயிற்றுத் துணைப்பொருள் செய்துவந்த ஆசிரியர்கள், அந்த மடிக்கணினியில்தான் தமிழ்த் தட்டச்சு பழகினர். பின்னாளில் தமிழ்மொழிப் பாடத்திற்கான பயிற்சித் தாள்களையும் படவில்லைக் காட்சிகளையும் ஆக்கி ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொண்டதும், ஆசிரியர்கள் வலைப்பதிவு தொடங்கியதும் இதன் தொடர்ச்சியே. ஆங்கிலத்திற்கென வந்த கருவி தமிழுக்கும் பயன்பட்டது.

வகுப்பறையில் நிகழ்ந்ததைச் சொல்லாமல் விட்டால் வரலாறு முழுமையாகாது. வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் ஏழு அகவைக் குழந்தைக்கு 'அரை', 'கால்', 'முக்கால்' என்பவை தாயின் அடுக்களையிலேயே அறிமுகமான சொற்கள். அவற்றைப் பின்னமாக மாற்றிக் காட்டுவது மட்டுமே ஆசிரியரின் வேலை. ஆங்கிலத்தில் சொல்லும்போது, சொல்லையும் கருத்தையும் சேர்த்தே கற்பிக்கவேண்டும். பிரச்சினைக் கணக்குகளில் இடர் இன்னும் கூடுதல். ஆசிரியர் ஆங்கிலத்தில் ஒருமுறை வாசிப்பார், தமிழில் இருமுறை விளக்குவார், மாணவர் விடையை எண்ணில் எழுதுவர். மேற்பார்வைக்கு அதிகாரி வரும் நாளில் மட்டும் தமிழ் வாயை மூடிக்கொள்ளும். இது நாடு முழுவதும் அறிந்த இரகசியம். மலாய்ப்பள்ளிகளிலும் அவ்வாறே மலாயில் நடந்தது.

2003இல் முதலாம் ஆண்டில் நுழைந்த மாணவர்கள் 2008இல் யுபிஎஸ்ஆர் தேர்வை எழுதினர். கணித, அறிவியல் வினாத்தாள்கள் ஆங்கிலத்தில் மட்டும் அமையாமல் தாய்மொழியிலும் விடையளிக்க வாய்ப்புத் தந்தன. அதுவே திட்டத்தின் தளர்ச்சியைக் காட்டிவிட்டது. 2009 ஜூலை 8ஆம் நாள், அப்போதைய கல்வி அமைச்சர் டான் ஸ்ரீ முகைதீன் யாசின் அவர்கள் திட்டம் கைவிடப்படும் என அறிவித்தார். டிம்ஸ் என்னும் அனைத்துலக ஆய்வில் மலேசியாவின் இரண்டாம் படிவ மாணவர்கள் 2003இல் கணிதத்தில் 508, அறிவியலில் 510 புள்ளிகள் பெற்றிருந்தனர்; 2007இல் அவை முறையே 474, 471 எனச் சரிந்தன. இச்சரிவு முழுவதற்கும் ஆங்கிலமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும், நகர்ப்புற மாணவர்க்கும் உட்புற மாணவர்க்கும் இடையே இடைவெளி விரிந்ததை அரசே ஒப்புக்கொண்டது. 2011இல் கேஎஸ்எஸ்ஆர் கலைத்திட்டம் முதலாம் ஆண்டில் தொடங்கியபோது, கணிதமும் அறிவியலும் நம் பள்ளிகளில் மீண்டும் தமிழுக்குத் திரும்பின.

என் மனத்தை உறுத்துவது இவ்விடந்தான். தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குச் செல்ல ஆசிரியர்களுக்கு இரு கட்டப் பயிற்சி, மடிக்கணினி, ஊக்கத்தொகை, தோழர் துணை யாவும் இருந்தன. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குத் திரும்பியபோது என்னைப் போன்றோர் கலந்துகொண்ட பயிற்சிகள் புதிய கலைத்திட்டத்தைப் பற்றியவை. தமிழில் அறிவியல் பேசுவது நமக்கு இயல்பாகவே வரும் எனக் கருதப்பட்டது. நான் பயிற்சி முடித்துப் பணியேற்றது ஆங்கில வழிக் காலத்தில். ஒளிச்சேர்க்கை, உராய்வு, கொள்ளளவு போன்ற சொற்களை நான் மாணவியாக இருந்தபோது கற்றிருந்தேன். ஆசிரியையாக ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லியதில்லை. தமிழகப் பாடநூலைப் புரட்டினால் முக்கோணம், இலங்கைப் பாடநூலில் முக்கோணி; அங்கே ஒளிச்சேர்க்கை, இங்கே ஒளித்தொகுப்பு. எதனை ஏற்பது, பாடநூலில் எது உள்ளது, தேர்வுத்தாளில் எது வரும் என்பதை மூத்த ஆசிரியர்களிடந்தான் கேட்டுத் தெரிந்துகொண்டோம். 2003இல் ஆங்கிலத்திற்குத் தடுமாறிய அதே ஆசிரியர்கள் 2011இல் எங்களுக்குத் தமிழ்க் கலைச்சொல் ஆசான்களாயினர்! பணி ஓய்வுக்கு முன் அவர்கள் எழுதி வைத்துச் சென்ற பழைய பாடக்குறிப்புகள் சில பள்ளிகளில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.

2016இல் இருமொழித் திட்டம் என்னும் பெயரில் ஆங்கில வழிக் கணிதமும் அறிவியலும் மீண்டும் பேச்சுக்கு வந்தன. சில தமிழ்ப்பள்ளிகள் அதில் இணைய முற்பட்டபோது எழுந்த வாதங்கள் 2002இல் கேட்டவையே. அதனை இங்கே விரிக்கவில்லை.

2003ஆம் ஆண்டு முதலாம் வகுப்பில் அமர்ந்திருந்த பிள்ளைகள் 1996இல் பிறந்தவர்கள். அவர்களுள் ஆசிரியர் கல்விக் கழகங்களில் பயின்று தமிழ்ப்பள்ளிகளுக்கே ஆசிரியர்களாக வந்தோர் உள்ளனர். தொடக்கப்பள்ளியில் அறிவியலை ஆங்கிலத்தில் கற்ற அவர்கள், இன்று அதனைத் தமிழில் கற்பிக்கின்றனர். எங்கள் பள்ளியின் அறிவியல் பாடக்குழுக் கூட்டத்தில் முதல் அரைமணி நேரத்தை அடுத்த பாட அலகின் கலைச்சொற்களுக்கென ஒதுக்கியிருக்கிறோம். இளையவர்கள் ஆங்கிலச் சொல்லைச் சொல்வர், மூத்தவர்கள் தமிழ்ச்சொல்லைச் சொல்வர், இருவருக்கும் தெரியாதவற்றைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைப்போம். சென்ற கூட்டத்தில் அங்கே நான்கு சொற்கள் எஞ்சின.