ஃபானியின் கையெழுத்துப் பிரதிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பியானோ இசை என்றதும் ஷோபான், ஷூமன், லிஸ்ட், மெண்டல்சோன் என்று ஆண்களின் பெயர்களே நினைவுக்கு வருகின்றன. அன்று பெண்கள் எழுதவில்லையா என்று கேட்டால், நல்ல இசை எப்படியும் நிலைத்துவிடும், நிலைக்காததைக் காலம் கழித்துவிட்டது என்பார்கள். இந்தப் பதிலை உரைத்துப் பார்க்கப் பெர்லினில் ஒரு வீடு போதும். 1805இல் பிறந்த ஃபானி மெண்டல்சோனும் 1809இல் பிறந்த தம்பி ஃபெலிக்ஸும் அங்கே ஒன்றாக வளர்ந்தார்கள். கார்ல் செல்ட்டர் என்ற ஒரே ஆசிரியரிடம் இசையமைப்புப் பயின்றார்கள். பதின்மூன்று வயதில் ஃபானி, பாக் எழுதிய 24 பிரலூடுகளை நோட்டுப் பார்க்காமல் வாசித்துக் காட்டினார். ஆனால் 1820இல் தந்தை ஆப்ரஹாம் அவருக்கு எழுதிய கடிதத்தில், இசை தம்பிக்குத் தொழிலாகலாம், உனக்கு அது அணிகலனாக மட்டுமே இருக்க முடியும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்.

பணக்கார வீட்டுப் பெண் படைப்பை அச்சிட்டு விற்பது அந்தக் குடும்பத்துக்கு இழுக்கு. தடுத்தது வர்க்கமே, பால் அல்ல என்று சிலர் வாதிடலாம். அதே செல்வத்தில் பிறந்த ஃபெலிக்ஸ் சிறுவயதிலிருந்தே அச்சில் வந்துகொண்டிருந்தார் என்பதை அந்த வாதம் விளக்கவில்லை. இன்னும் சொல்லப்போனால், ஃபெலிக்ஸின் 8ஆம், 9ஆம் தொகுதிகளில் தலா மூன்று பாடல்கள் ஃபானி எழுதியவை. வெளிவந்ததோ தம்பி பெயரில். 1842இல் விக்டோரியா மகாராணி அவற்றிலிருந்து ஒன்றைத் தேர்ந்து பாடியபோது, அது அக்காளுடையது என்று ஃபெலிக்ஸே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அக்காளின் திறமையில் அவருக்கு ஐயம் இருந்ததில்லை. ஆயினும் அக்காள் தம் படைப்புகளை வெளியிடுவதை ஊக்குவிக்க ஃபெலிக்ஸ் 1837இல் மறுத்தார். ஃபானி தம் சொந்த முடிவில் முதல் தொகுதியை அச்சுக்குக் கொடுத்தது 1846இல். அடுத்த ஆண்டு மே மாதம் இறந்துபோனார். 450க்கும் மேற்பட்ட படைப்புகளில் பெரும்பகுதி கையெழுத்துப் பிரதியாகவே நின்றது. பன்னிரண்டு மாதங்களுக்கும் ஒவ்வொன்றாக அவர் 1841இல் எழுதிய ‘ஆண்டு’ என்ற பியானோ வரிசை 1989இல்தான் அச்சேறியது. கையில் கிடைக்காத ஒன்றைக் காலம் எப்படிக் கழித்திருக்க முடியும்?

தரம் பற்றிய கேள்வி எஞ்சுகிறது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அதற்கான சான்று, ஃபானி 1828இல் எழுதிய ‘ஈஸ்டர் சொனாட்டா’. அதன் பிரதி 1970இல் பிரான்சில் ஒரு புத்தகக் கடையில் கிடைத்தது. மேலே ‘எஃப். மெண்டல்சோன்’ என்றிருந்ததால் ஃபெலிக்ஸ் என்று முடிவுகட்டி, அவர் பெயரிலேயே இசைத்தட்டும் வெளியிட்டார்கள். ஆய்வாளர் ஆஞ்செலா மேஸ் 2010இல் அந்தப் பிரதியை நேரில் ஆராய்ந்தார். கையெழுத்து ஃபானியுடையது, பக்க எண்களோ அவருடைய தொகுப்பு ஒன்றில் காணாமற்போன பக்கங்களோடு பொருந்தின. 2017 மார்ச் 8 அன்று பிபிசி வானொலி வழியே அது ஃபானியின் படைப்பாக ஒலித்தது. தம்பியின் பெயரில் ஏற்கப்பட்டதாலேயே அது தலைசிறந்த படைப்பு ஆகிவிடாது. ஆனால் அத்தனை காலம் கேட்டவர்களின் காதுக்கு அதில் குறை எதுவும் உறுத்தவில்லை என்பது, தரத்தை மட்டும் காரணம் காட்டுபவர்கள் பதில் சொல்ல வேண்டிய செய்தி.

பாரிசில் லூயிஸ் ஃபராங்க் என்ற பெண் இசையமைப்பாளர் அச்சிலும் வந்தார், 1842 முதல் 1873 வரை இசைக் கல்லூரியில் பியானோப் பேராசிரியராகவும் இருந்தாரே என்பது வலுவான மறுப்பு. ஆனால் அவருடைய கணவர் அரிஸ்டீட் இசைநூல் பதிப்பாளர். பெர்லினில் பூட்டியிருந்த கதவு அந்த வீட்டுக்குள்ளேயே திறந்திருந்தது. அப்போதும் லூயிஸ் கற்பித்தது பெண்கள் வகுப்புக்கு மட்டும். ஆண் பேராசிரியர்களுக்கு இணையான ஊதியம், 1850இல் அவருடைய ஒன்பது கருவி இசைப்படைப்பு பெரும் வரவேற்பைப் பெற்ற பிறகே கிடைத்தது.