மகளுக்கேற்ற பாடசாலை

வைகாசி முற்றிக் கோடை விடுமுறை முடியும் தறுவாயில், ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அதற்கு ஏழு மைல் தென்மேற்கே உள்ள ராஜபாளையத்திலும், ஐந்து வயது நிரம்பிய பெண் குழந்தை இருக்கும் வீடுகளிலெல்லாம் ஒரே பேச்சுத்தான்: எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது? பெண்கள் மட்டும் படிக்கும் பள்ளியா, இருபாலரும் படிக்கும் பள்ளியா, தமிழ் வழியா, ஆங்கில வழியா, சம்பளம் எவ்வளவு, வீட்டு வாசலுக்கு வேன் வருமா என்று தாய் தந்தையர் அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறார்கள். இப்படி நாலு இடம் விசாரித்து, ஒன்றைத் தள்ளி மற்றொன்றை ஏற்கும் சுதந்திரம் இந்தப் பிரதேசத்துப் பெற்றோருக்கு வாய்த்தது சமீப காலத்தில்தான். அதற்கு முன் எத்தனையோ தலைமுறைகள் பெண்ணை அனுப்பலாமா என்ற கேள்வியிலேயே நின்றுவிட்டன. அனுப்பத் துணிந்தவர்கள் எதைக் கண்டு தயங்கினார்கள், எது அந்தத் தயக்கத்தைப் போக்கிற்று என்பதை ஆராய்ந்து பார்த்தால், இன்று மகளுக்குப் பள்ளி தேடுகிறவருக்கு அதிலேயே நல்லதோர் உரைகல் அகப்படும்.

பன்னிரு ஆழ்வார்களுள் ஒரே பெண்மணியாகிய ஆண்டாள் அவதரித்த க்ஷேத்திரம் ஸ்ரீவில்லிபுத்தூர். மார்கழி பிறந்தால் திருப்பாவையின் முப்பது பாசுரங்களையும் அட்சரம் பிசகாமல் ஒப்புவிக்கும் சிறுமிகளும், அவர்களுக்குக் கற்பித்த பாட்டிமார்களும் இவ்வூரில் என்றுமே இருந்து வந்திருக்கிறார்கள். ஆனால் அது செவிவழி வந்த வித்தை. பாசுரம் தெரிந்த பாட்டிக்குப் பெரும்பாலும் எழுத்துத் தெரியாது. எழுத்து என்பது திண்ணைப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயரிடம், மணலில் விரலால் எழுதிப் பழகி, அரிச்சுவடியும் ஆத்திசூடியும் எண்சுவடியும் சட்டாம்பிள்ளை சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லிக் கற்பது. அந்தத் திண்ணையில் அமர்ந்தவர்கள் ஆண் பிள்ளைகளே.

இது வெறும் ஊகமன்று. சென்னை ராஜதானியின் கவர்னராக இருந்த சர் தாமஸ் மன்றோ 1822-ஆம் ஆண்டில் எல்லா ஜில்லாக் கலெக்டர்களையும் பாடசாலைகளைக் கணக்கெடுக்கச் சொல்லி, 1826 மார்ச் மாதத்தில் அதன் முடிவை எழுதி வைத்தார். ராஜதானி முழுவதிலும் 12,498 பள்ளிக்கூடங்கள். அவற்றில் படித்தவர்கள் 1,88,650 பேர். அவர்களுள் பெண் குழந்தைகள் 4,540 பேர் மாத்திரமே, அதாவது நூற்றுக்கு இரண்டரைக்கும் குறைவு. அந்தச் சிலரிலும் பல ஜில்லாக்களில் கோயில் கைங்கரியத்துக்கென்று விடப்பட்ட குலத்துப் பெண்களே அதிகம். நாட்டியத்துக்கும் சங்கீதத்துக்கும் எழுத்து வேண்டியிருந்ததால் அவர்கள் படித்தார்கள். அதே காரணத்தால், படிப்பு என்றாலே குடும்பப் பெண்ணுக்கு ஆகாது என்ற அபிப்பிராயம் மற்ற வீடுகளில் வேரூன்றிவிட்டது. ஒரு தகப்பனார் தம் மகளைத் திண்ணைக்கு அனுப்பாததற்குப் பணக்குறைவைக் காட்டிலும் இந்த அபிப்பிராயமே பெருந்தடையாக இருந்தது.

அந்தத் தடையை முதலில் பெயர்க்க முயன்றவர்கள் கிறிஸ்தவ மிஷனரிமார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் அக்காலத்தில் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது. 1910-இல்தான் புதிதாக அமைக்கப்பட்ட ராமநாதபுரம் ஜில்லாவோடு சேர்க்கப்பட்டது. ஆகவே இவ்வூரின் ஸ்திரீ கல்விச் சரித்திரம் தெற்கேயிருந்தே தொடங்குகிறது. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் 1819-ஐ ஒட்டிப் பெண் பிள்ளைகளைச் சேர்த்து, எழுத்தோடு பின்னல் சரிகை வேலையும் கற்பித்தார். அவருடைய மகள் எலைசா, கால்டுவெல் ஐயரை 1844-இல் மணந்து இடையன்குடிக்கு வந்ததும் அங்கே அதே காரியத்தைத் தொடங்கினார். சிறுமிகள் செய்த சரிகைக்கு விலை கிடைத்ததால், வேலைக்குப் போகாமல் பள்ளியில் உட்கார்ந்திருக்கும் பெண் வீட்டுக்குப் பாரம் என்ற எண்ணம் தளர்ந்தது. யாழ்ப்பாணத்து உடுவிலில் 1824-இல் பெண்களுக்கென்றே விடுதிப் பள்ளி தோன்றியதும் ஏறக்குறைய இதே காலத்தில்தான்.

வடதிருநெல்வேலி எனப்பட்ட சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதியில் 1854 முதல் மிஷனரியாகிய ராக்லண்டு ஐயரும் அவருடைய கூட்டாளிகளும் ஊர் ஊராகக் கூடாரமடித்துச் சுற்றி வந்தார்கள். ராக்லண்டு 1858 அக்டோபரில் சிவகாசியிலேயே காலமானார். அதே காலத்தில் பாளையங்கோட்டையில், ஸாரா டக்கர் என்னும் ஆங்கிலப் பெண்மணியின் ஞாபகார்த்தமாகப் பெண் உபாத்தியாயினிகளைப் பயிற்றும் ஸ்தாபனம் ஒன்று ஏற்பட்டது. அந்த அம்மையார் இந்தியாவை ஒருநாளும் கண்டவரல்லர். நோயினால் வீட்டோடு இருந்தபடியே இங்குள்ள பெண்களுக்காகப் பொருள் திரட்டி அனுப்பியவர். கிளைப் பள்ளிகள் பல தோன்றுவதற்கும், அவற்றுக்கு ஆசிரியைகள் கிடைப்பதற்கும் இந்த ஸ்தாபனமே ஊற்றுக்கண்ணாக இருந்தது.

ஆயினும் மதம் மாற்றிவிடுவார்களோ, ஜாதியாசாரம் கெட்டுவிடுமோ என்ற அச்சம் ஹிந்துப் பெற்றோரிடம் நீங்கவில்லை. அதற்கு மாற்றாக உள்நாட்டுப் பெரியோர்களின் குரலும் எழத் தொடங்கியது. முன்சீபாக இருந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1869-இல் பெண்மதி மாலை என்ற நூலை வெளியிட்டு, பெண்ணுக்குப் படிப்புக் கூடாது என்று சொல்லப்பட்டுவந்த நியாயங்களையெல்லாம் வரிசையாக எடுத்து மறுத்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875-ஆம் ஆண்டில், கலெக்டர் பென்னிங்டனுடைய பெயரால் ஒரு நூலகம் தோன்றியது. தமிழ்நாட்டின் பழமையான நூலகங்களில் ஒன்றென்று இன்றும் அது போற்றப்படுகிறது. அந்நூலகத்துப் புத்தகத்தை எடுத்துத் தாமே வாசிக்க வல்ல பெண்கள் அன்று ஊரில் எத்தனை பேர் இருந்திருக்கக்கூடும்? கால் நூற்றாண்டு கழித்து எடுத்த 1901-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில்கூட, ராஜதானிப் பெண்களுள் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவை எட்டவில்லை.

பள்ளிக்கூடம் இருந்தும் பெண்கள் வராததற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, பாடம் சொல்பவர் ஆணாக இருந்தது. வயதான உபாத்தியாயராக இருந்தால்கூடப் பெரியவளாகும் பருவத்தை நெருங்கிய பெண்ணை அவர் முன் உட்கார்த்தி வைக்க வீட்டார் சம்மதிக்கவில்லை. பெண் ஆசிரியையோ கிடைப்பதரிது. படித்த பெண் இருந்தாலல்லவா ஆசிரியை கிடைப்பாள்? இந்தச் சிக்கலுக்கு வழி கண்டவர் சகோதரி சுப்புலட்சுமி. பால்ய விதவையாகிப் பின்னர்ப் படித்து 1911-இல் பட்டம் பெற்ற அவர், அடுத்த ஆண்டிலேயே சென்னையில் தம்மைப் போன்ற இளம் விதவைகளை ஒன்று சேர்த்து, ஆசிரியை வேலைக்குத் தயாராக்கினார். வீட்டின் மூலையில் முடங்கிக் கிடக்கும்படி விதிக்கப்பட்டவர்கள் ஊர்ப் பெண் குழந்தைகளுக்கெல்லாம் அட்சராப்பியாசம் செய்து வைக்கும் நிலைக்கு உயர்ந்தார்கள். டீச்சரம்மா இருக்கிறாள் என்ற ஒரே காரணத்துக்காக மகளை அனுப்பிவைத்த தகப்பன்மார்கள் தமிழ்நாட்டு ஊர்களில் எத்தனையோ பேர்.

இரண்டாவது காரணம் தெரு. வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே உள்ள தூரத்தைத் தனியே கடப்பது பெண் குழந்தைக்கு உகந்ததன்று என்று கருதப்பட்ட காலம் அது. அதற்காகவே பெண்கள் பாடசாலைகளில் ஆயா ஒருத்தியை நியமித்தார்கள். காலையில் அவள் தெருக்கோடியில் தொடங்கி வீடு வீடாக நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். ஸ்லேட்டும், பலப்பமும், ஸ்லேட்டைத் துடைப்பதற்குக் கோவை இலையுமாகக் குழந்தைகள் ஒவ்வொருவராக வந்து சேர, பத்துப் பதினைந்து பேராகப் பள்ளி வாசலில் கொண்டுபோய் விடுவாள். மாலையில் அதே கிரமத்தில் திரும்பக் கொண்டுவந்து ஒப்படைப்பாள். ஒரு குழந்தை இரண்டு நாள் வராவிட்டால் உள்ளே போய்க் காரணம் கேட்பவளும் அவளே. அவளுக்குக் கொடுத்த சம்பளம் அற்பம். இருந்தாலும் அவள் நடந்த தெருக்களிலிருந்துதான் குழந்தைகள் பள்ளிக்கு வந்தார்கள்.

இவ்விரண்டு தடைகளையும் தாண்டி வந்த பெண்ணும் நான்காம் வகுப்பிலோ ஐந்தாம் வகுப்பிலோ நின்றுபோனாள். பத்து வயதில் கல்யாணப் பேச்சு. அதன்பின் படிப்புக்கு இடமேது? பெண்ணின் விவாக வயதைப் பதினான்காக உயர்த்திய சாரதா சட்டம் 1929-இல் நிறைவேறி, மறு ஆண்டு ஏப்ரலில் அமலுக்கு வந்தது. பதினெட்டு வயது என்பது 1978-இல்தான் சட்டமாயிற்று. ஆரம்பக் கல்விச் சட்டம் 1920-இல் வந்து, கல்வி வரி விதிக்கவும் கட்டாயக் கல்வியை ஏற்படுத்தவும் ஸ்தல ஸ்தாபனங்களுக்கு அதிகாரம் அளித்தபோதும், பல இடங்களில் அந்தக் கட்டாயம் முதலில் ஆண் பிள்ளைகளுக்கே விதிக்கப்பட்டது. பெண்ணை மட்டும் தகப்பனாரின் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள்.

அந்த நிலையைப் பெரிதும் மாற்றியவர் இம்மண்ணின் மைந்தரே. விருதுநகரில் பிறந்து, ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்த நேர்ந்த காமராஜர், 1952-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியிலிருந்தே பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1954 ஏப்ரலில் முதல் மந்திரியானதும், முந்திய ஆண்டு புகுத்தப்பட்டிருந்த அரைநாள் பள்ளித் திட்டத்தைக் கைவிட்டு, கூப்பிடு தூரத்தில் பள்ளி இல்லாத கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகளைத் திறந்தார். 1956-இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. ஒரு வேளைச் சோறு என்பது ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் பொதுவே. ஆனாலும், வீட்டில் உள்ளது போதாதபோது தன் பங்கை முதலில் விட்டுக்கொடுக்கப் பழக்கப்பட்டவள் பெண் குழந்தை. பள்ளியில் அவளுக்கென்று ஒரு தட்டு வைக்கப்பட்டது அவளுக்கே அதிக அனுகூலமாயிற்று.

ஆனால் பள்ளிக்குப் போட்டியாக வேறொன்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பன்னிரண்டு மைல் தொலைவில் வளர்ந்துகொண்டிருந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து சிவகாசியில் நிறுவினார்கள். வானம் பார்த்த கரிசல் பூமிக்கு அத்தொழில் சோறு போட்டது என்பதை மறுக்க முடியாது. அதற்குக் கொடுத்த விலையின் பெரும்பகுதியைச் செலுத்தியவர்கள் சிறுமிகள். கட்டை அடுக்குவதற்கும் பெட்டி ஒட்டுவதற்கும் சிறு விரல்களே தோதானவை என்று சொல்லி, விடியுமுன் கிராமங்களுக்குப் பஸ்ஸை அனுப்பி ஏற்றிச் சென்றார்கள்; அண்ணன் பள்ளிக்கூடம் போனான், தங்கை ஆலைக்குப் போனாள். ராஜபாளையத்தைச் சுற்றிய மில் வேலைக்கும், சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணித் தறிகளுக்கும் தாய் போய்விட்ட வீடுகளில், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் நின்றாள். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-இல் வந்தது. அதைத் தொடர்ந்து 1988-இல் தேசிய அளவில் ஆரம்பித்த மறுவாழ்வுத் திட்டம் முதலில் எடுத்துக்கொண்ட இடங்களில் சிவகாசியும் ஒன்று. ஆலையிலிருந்து மீட்கப்பட்ட சிறுமிகளுக்கு விசேஷப் பள்ளிகள் திறக்கப்பட்டன. தமிழ்நாட்டுப் பெண்களுள் நூற்றுக்கு எழுபத்துமூன்று பேர் எழுத்தறிந்தவர் என்று 2011-ஆம் ஆண்டுக் கணக்குக் கூறுவதற்குப் பின்னால் இத்தனை போராட்டங்கள் இருக்கின்றன.

இந்த இருநூறு ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது ஓர் உண்மை துலங்குகிறது. பெண்ணைப் பள்ளிக்கு வரவழைத்தவையும், வந்தவளை நிற்க வைத்தவையும் பாடத்திட்டத்தின் மேன்மையோ கட்டடத்தின் கம்பீரமோ அல்ல. நம்பத்தக்க டீச்சரம்மா, பத்திரமான வழி, மத்தியான்னச் சோறு, அடுத்த வகுப்புக்குப் போகும் வாய்ப்பு ஆகிய நான்குமே அவளைப் பள்ளியில் நிலைநிறுத்தின. இவற்றில் ஒன்று குறைந்த இடத்திலெல்லாம் அவள் நின்றுபோனாள். ஆகவே நல்ல ஆரம்பப் பள்ளி என்பது சேர்ந்த பெண்ணை இழக்காத பள்ளியே என்பது என் திடமான நம்பிக்கை.

மகளுக்குப் பள்ளி தேடும் பெற்றோர் விளம்பரப் பலகையைப் படித்து முடிவு செய்யாமல், ஒரு வேலைநாளில் நேரே போய்ப் பார்ப்பது உத்தமம். ஒன்றாம் வகுப்பு ஆசிரியை எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறார் என்று கேட்க வேண்டும். ஆண்டுக்கொருவர் மாறும் இடத்தில் குழந்தைக்கு ஒட்டுதல் ஏற்படாது. கழிப்பறைக்குள் நுழைந்து தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாள் முழுதும் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு வீடு திரும்பும் சிறுமிகள் இன்றும் இருக்கிறார்கள். குழந்தை இரண்டு நாள் வராவிட்டால், அந்தக் காலத்து ஆயாவைப் போல விசாரிக்கிறவர் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். கடைசியாகத் தலைமையாசிரியையிடம் ஒரு கணக்குக் கேட்க வேண்டும்: நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பெண்களில் எத்தனை பேர் இப்போது ஐந்தாம் வகுப்பில் இருக்கிறார்கள், சென்ற ஆண்டு ஐந்தாம் வகுப்பு முடித்தவர்கள் ஆறாம் வகுப்புக்கு எங்கெங்கே போனார்கள்? இந்தக் கேள்விக்குப் பெயர் பெயராகப் பதில் சொல்லக்கூடிய பள்ளி, சம்பளம் வாங்காத நகராட்சிப் பள்ளியாக இருந்தாலும் சரி, மகளைத் தயங்காமல் அங்கே சேர்க்கலாம்.