டேப் வாங்கப் போறீங்களா? விலையை மட்டும் பார்த்து ஏமாந்துடாதீங்க!

திருவண்ணாமலை:

பிள்ளைகள் படிப்புக்கு ஒரு டேப்லெட் கம்ப்யூட்டர் வாங்கித் தரணும் என்ற ஆசை கூலி வேலைக்குப் போகும் வீடுகளிலும் வந்துவிட்டது. செல்போனை விட திரை பெரிசு. லேப்டாப்பை விட விலை கம்மி. பாட வீடியோ பார்க்க, பி.டி.எப். படிக்க, ஆன்லைன் வகுப்பில் உட்கார வசதியா இருக்கும்.

ஆனால் கடையில் போய் நின்றால் தலை சுத்தும். 5 ஆயிரம் ரூபாய்க்கும் டேப் இருக்கு, 50 ஆயிரம் ரூபாய்க்கும் டேப் இருக்கு. பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி கறுப்புப் பலகைதான். எதை வாங்குவது?

2025-26-ம் ஆண்டில் நூறு நாள் வேலைக்கு தமிழகத்தில் நிர்ணயிக்கப்பட்ட ஒரு நாள் கூலி 336 ரூபாய். 12 ஆயிரம் ரூபாய்க்கு டேப் வாங்கினால் அது 36 நாள் உழைப்பு. அந்தப் பணம் ஆறே மாசத்தில் பரணுக்குப் போகாமல் இருக்கணும் என்றால் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போவது நல்லது.

'ஆகாஷ்' சொன்ன பாடம்

மலிவு விலை டேப் என்றாலே பலருக்கு ஞாபகம் வருவது 'ஆகாஷ்'. 2011 அக்டோபர் 5-ந் தேதி டெல்லியில் அப்போதைய மத்திய மந்திரி கபில் சிபல் இதை வெளியிட்டார். டேட்டாவிண்ட் என்ற கம்பெனி தயாரித்தது. அரசு வாங்கிய விலை ஒன்றுக்கு சுமார் 2,250 ரூபாய். 'உலகத்திலேயே மலிவான டேப்லெட்' என்று நாடு முழுக்க பேச்சு.

ஆனால் உள்ளே இருந்தது 366 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், வெறும் 256 எம்.பி. ரேம். திரையை விரலால் தொட்டால் போதாது, அழுத்தணும். வேகம் பத்தலை, பேட்டரி நிக்கலை என்று புகார்கள் கிளம்பின.

அடுத்த ஆண்டே, 2012 நவம்பர் 11-ந் தேதி, ஜனாதிபதி பிரணாப் முகர்ஜி 'ஆகாஷ்-2'-ஐ வெளியிட்டார். அதில் பிராசசர் 1 கிகாஹெர்ட்ஸ் ஆனது. ரேம் 512 எம்.பி. ஆனது. தொட்டாலே வேலை செய்யும் திரை வந்தது. ஆக, முதல் ஆகாஷில் எங்கே குறை என்பது இதிலேயே தெரிந்துவிட்டது. விலை மலிவு என்பதை வைத்து மட்டும் ஒரு டேப் நல்ல டேப் ஆகிவிடாது. உள்ளே இருக்கும் சரக்குதான் முக்கியம்.

ரேம் எவ்வளவு?

கடையில் முதலில் கேட்க வேண்டியது ரேம். இன்றைய தேதிக்கு 4 ஜி.பி. ரேம் இருந்தால்தான் ஆன்லைன் வகுப்பும் ஓடும், பக்கத்திலேயே நோட்ஸும் திறக்கும். 2 ஜி.பி., 3 ஜி.பி. டேப் இரண்டு ஆப் திறந்தாலே திணறும்.

இதில் ஒரு தில்லுமுல்லு உண்டு. பெட்டி மேலே '8 ஜி.பி. ரேம்' என்று பெரிசா போட்டிருப்பார்கள். பக்கத்தில் பொடி எழுத்தில் '4+4' என்று இருக்கும். பின்னால் இருக்கும் 4 ஜி.பி. நிஜ ரேம் கிடையாது. ஸ்டோரேஜில் இருந்து கொஞ்சம் இடத்தை எடுத்து ரேம் மாதிரி பயன்படுத்துவது. நிஜ ரேம் வேகம் இதுக்கு வராது. முன்னால் இருக்கும் நம்பரை மட்டும் கணக்கில் எடுங்க.

ஸ்டோரேஜ் 64 ஜி.பி.க்கு குறையாமல் இருக்கட்டும். 32 ஜி.பி. என்றால் சிஸ்டமே பெரும் பங்கைத் தின்றுவிடும். மெமரி கார்டு போட இடம் இருக்கா என்றும் பாருங்க. ஜவ்வாது மலை மாதிரி சிக்னல் சரியாகக் கிடைக்காத இடத்துக்குப் போகிறவர்கள் பாட வீடியோக்களை டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ள அது உதவும்.

ஆண்ட்ராய்டு பழசா?

மலிவு டேப் சிலதில் பழைய ஆண்ட்ராய்டைப் போட்டு தள்ளிவிடுவது உண்டு. வாங்கும்போது ஓடும். சில வருஷத்தில் ஆப்கள் ஒவ்வொன்றாக நின்றுவிடும். வாட்ஸ்அப்பையே எடுத்துக்கோங்க. ஆண்ட்ராய்டு 4.4-ல் ஓடும் கருவிகளுக்கு 2025 ஜனவரி 1 முதல் வாட்ஸ்அப் கிடையாது என்று ஆகிவிட்டது.

டேப்பை ஆன் செய்து 'செட்டிங்ஸ்' போய் 'அபவுட்' பகுதியைத் திறங்க. ஆண்ட்ராய்டு எண்ணும், கடைசியாக வந்த பாதுகாப்பு அப்டேட் தேதியும் இருக்கும். பாதுகாப்பு அப்டேட் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் யோசிங்க. பிளே ஸ்டோரின் செட்டிங்ஸில் 'சர்டிபைடு' என்று காட்டுதா என்பதையும் பாருங்க. பேர் தெரியாத கம்பெனி டேப்களை இதில் கண்டுபிடித்துவிடலாம்.

சிம் போடலாமா?

நிறைய பேர் கோட்டை விடுவது இங்கேதான். டேப்பில் 'வைஃபை மட்டும்' என்று ஒரு வகை, சிம் போடும் வகை என்று இன்னொன்று. 2023-ல் வந்த சாம்சங் கேலக்ஸி டேப் ஏ-9 மாடலில் வைஃபை வகை 13 ஆயிரத்தை ஒட்டியும், சிம் வகை 16 ஆயிரத்தை ஒட்டியும் விற்பனைக்கு வந்தன. வித்தியாசம் 3 ஆயிரம் ரூபாய்.

வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் வைஃபை வகை போதும். இல்லை என்றால் ஒவ்வொரு தடவையும் அப்பா செல்போனில் ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் பிள்ளை படிக்க முடியும். அப்பா காலையில் வேலைக்குக் கிளம்பிவிட்டால் நெட்டும் கூடவே போய்விடும்! இதை யோசித்து முடிவு செய்யுங்க. சிம் வகை என்றால் குறைந்தது 4ஜி இருக்கணும்.

திரை, பேட்டரி

படிக்க 8 அங்குலத்துக்கு குறையாத திரை வேணும். 10, 11 அங்குலம் என்றால் கண்ணுக்கு இன்னும் சுகம். ஆனால் எடை கூடும். பேட்டரி 5 ஆயிரம் எம்.ஏ.எச்.க்கு மேல் இருப்பது நல்லது. சார்ஜர் பின் புது 'டைப்-சி' வகையா என்று பாருங்க. ஊரில் எங்கேயும் ஒயர் கிடைக்கும்.

கேமராவுக்காக காசு கூட்டிக் கொடுக்க வேண்டாம். வகுப்பில் முகம் தெரிந்தால் போதும்.

செகண்ட் ஹேண்டா? உஷார்!

பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் யாராவது புது டேப்பை பாதி விலைக்கு நீட்டினால் தொடாதீங்க. திருட்டுப் பொருளாக இருந்தால் போலீஸ் ஸ்டேஷன் ஏறி இறங்கணும்.

சிம் போடும் டேப்புக்கு 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் உண்டு. பெட்டியிலும் செட்டிங்ஸிலும் பார்க்கலாம். இரண்டும் ஒத்துப்போகணும். மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் முடக்கப்பட்டதா, சரியானதா என்று சொல்லிவிடும்.

பழைய ஆளின் கூகுள் கணக்கு நீக்கப்பட்டிருக்கா என்பது ரொம்ப முக்கியம். அதை நீக்காமல் ரீசெட் செய்தால் டேப் பூட்டிக்கொள்ளும். அப்புறம் அவர் பாஸ்வேர்டு இல்லாமல் திறக்காது. விற்பவர் எதிரிலேயே கணக்கை நீக்கச் சொல்லி, ரீசெட் போட்டு, உங்கள் கணக்கில் திறந்து பார்த்த பிறகு பணம் கொடுங்க.

'வட்டியில்லா தவணை'

தவணையில் வாங்குகிறவர்கள் மொத்தக் கணக்கைக் கேளுங்க. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, வட்டியை வேறு கட்டணமாக மறைத்து வசூலிக்கக் கூடாது என்று 2013-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. பிராசசிங் கட்டணம் எவ்வளவு, ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறையும், தவணை தவறினால் என்ன அபராதம் என்று கேட்டு எழுதி வாங்குங்க.

காலேஜ் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இன்னொரு விஷயம். 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு கைக்கணினி அல்லது மடிக்கணினி தரப்படும் என்று தமிழக அரசு 2025 மார்ச் பட்ஜெட்டில் அறிவித்தது. கடன் வாங்கும் முன் காலேஜ் ஆபீஸில் ஒரு வார்த்தை விசாரிப்பது நல்லது.

பில் இல்லாமல் வாங்காதீங்க

'பில் வேணாம்னா 500 ரூபாய் குறைச்சுக்கலாம்' என்றால் ஒத்துக்கொள்ளாதீங்க. டேப்புக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அதை மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைத்தால் வாரண்டி போய்விடும். பில்லில் மாடல் பேரும் சீரியல் நம்பரும் இருக்கணும். பெட்டி மேல் பி.ஐ.எஸ். முத்திரையும், 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கணும். 'பி.ஐ.எஸ். கேர்' ஆப்பில் அந்த எண்ணைப் போட்டு சரிபார்க்கலாம்.

சர்வீஸ் சென்டர் திருவண்ணாமலையிலேயே இருக்கா, இல்லை வேலூர், சென்னைக்குத்தான் போகணுமா என்று முதலிலேயே கேளுங்க. ரிப்பேருக்காக இரண்டு தடவை சென்னை போய் வந்தால் பஸ் செலவும் ஆகும், கூலியும் போய்விடும்.

வாரண்டி இருந்தும் கடைக்காரர் கைவிரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்கு கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்கணும் என்ற கட்டாயமும் இல்லை.

கடையிலேயே 10 நிமிஷ சோதனை

* பெட்டியை உங்கள் கண் முன் பிரிக்கச் சொல்லுங்க.
* திரையின் நாலு மூலையிலும் விரல் வைத்துப் பாருங்க.
* ஒரு வீடியோ ஓட்டி சத்தம் கேளுங்க. அதே நேரம் இன்னொரு ஆப் திறங்க. திணறுதா பாருங்க.
* முன் கேமராவில் வீடியோ கால் போட்டு, மைக் வேலை செய்யுதா கேளுங்க.
* சார்ஜர் செருகி சார்ஜ் ஏறுதா பாருங்க. பெட்டியில் சார்ஜரே இல்லாத மாடலும் உண்டு.
* சிம் வகை என்றால் உங்கள் சிம்மைப் போட்டு நெட் வருதா பாருங்க.

இதுக்கெல்லாம் கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்க. நம்ம ஊரில் செல்போன் கடைக்கா பஞ்சம்?