புகைக்குழாயின் வெப்பமும் எரிபொருட் சிக்கனமும்

2022 ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சம் அமிர்தகழி தொடக்கம் யாழ்ப்பாணம் வரை வாகனங்களை வரிசையில் நிறுத்தியது. இத்தகைய பஞ்சம் ஈழத்தமிழர்க்குப் புதிதன்று. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்திற் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. அவ்வேளை ஒஸ்ரின், மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்களே கைகொடுத்தன. காபுரேற்றரிற் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை இயக்கியபின், அவற்றை மண்ணெண்ணெயில் ஓட்டினர்.

இஃது எங்ஙனம் இயன்றது? எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு புகையோடு வெளியேறி வீணாகின்றது. அக்கார்களிலோ புகை வெளியேறும் குழாயும் எரிபொருட் கலவை உட்செல்லும் குழாயும் ஒரே பக்கத்தில் ஒட்டியமைந்திருந்தன. வீணாகும் வெப்பத்தின் ஒரு பகுதி உட்குழாயைச் சூடேற்ற, எளிதில் ஆவியாகாத மண்ணெண்ணெயும் ஆவியாயிற்று. இயந்திரம் குளிர்ந்திருக்கையிற் பெற்றோல் துளிகள் வேண்டப்பட்டமைக்குக் காரணமும் இதுவே.

ஆயினும் இச்சிக்கனம் இழப்பின்றிக் கிட்டவில்லை. முற்றாக எரியாத மண்ணெண்ணெய் புகையாய்த் தெருவை நிறைத்தது. எஞ்சின் ஒயிலிற் கலந்து இயந்திரத்தின் தேய்வை மிகுவித்தது. எனினும், சிக்கனம் என்பது ஒரு லீற்றருக்கு ஓடும் தூரம் மாத்திரமன்று, கிடைத்ததைக் கொண்டு ஓடும் ஆற்றலுமாகும் என்பதை அவ்வரலாறு உணர்த்துகின்றது.