காரச் சட்டமும் அமில வாயுவும்

கைத்தொழிற் புரட்சியின் வரலாற்றைக் கற்கும் நாம் நீராவி இயந்திரத்தையும் நெசவாலையையும் நன்கறிவோம். ஆயின், நெசவுக்கும் கண்ணாடிக்கும் சவர்க்காரத்துக்கும் இன்றியமையாததாயிருந்த சோடாவின் வரலாற்றை அத்துணை அறிந்தோமில்லை. நச்சு வாயு ஒன்றைப் பாதுகாப்பாகக் கையாளும் வழி கண்டறியப்படுவது ஒன்று. அவ்வழி நடைமுறைக்கு வருவது வேறொன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரித்தானியாவில் இவ்விரண்டுக்கும் இடையே கிடந்த காலத்தையும், இறுதியில் யார் பாதுகாக்கப்பட்டனர் என்பதையும் சோடாத் தொழிலின் வழியே நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிரான்சு நாட்டவரான நிக்கொலா லெபிளாங் 1791 இல் காப்புரிமை பெற்ற முறையில், கறியுப்பு முதலிற் சல்பூரிக்கமிலத்துடன் சேர்த்துச் சூடாக்கப்பட்டது. பின்னர் அவ்விளைபொருள் நிலக்கரியுடனும் சுண்ணாம்புக்கல்லுடனும் எரிக்கப்பட்டுச் சோடா பெறப்பட்டது. முதற்படியில் 100 கிலோகிராம் உப்பிலிருந்து ஏறத்தாழ 62 கிலோகிராம் ஐதரசன் குளோரைட்டு வாயு வெளிப்படும். நிறமற்ற இவ்வாயு வளியிலும் பாரமானது; ஈரத்தைச் சேர்ந்ததும் அமிலப் புகாராகிக் கண்ணையும் தொண்டையையும் நுரையீரலையும் எரிக்கும்; இரும்பை அரிக்கும்; இலைகளைக் கருக்கும்.

பிரித்தானியாவில் உப்பு வரி நீங்கிய 1820 களில் இத்தொழில் பெருவளர்ச்சி கண்டது. லிவர்பூலில் ஜேம்ஸ் மஸ்பிரட் தொடங்கிய தொழிற்சாலையின் புகையால் அல்லலுற்ற அந்நகராட்சி, 1838 இல் அவர்மீது வழக்குத் தொடுத்தது. உற்பத்தியாளர் கண்ட முதல் தீர்வு புகைபோக்கியை உயர்த்துவதாகும். கிளாஸ்கோவில் டெனன்ற் நிறுவனம் 1840 களின் தொடக்கத்தில் எழுப்பிய புகைபோக்கி 435 அடி உயரமுடையது. ஆயினும் உயரம் வாயுவை அழிக்கவில்லை. தொலைவிலுள்ளோரின் வயல்களுக்கு அதனைக் கொண்டு சென்றது. அவ்வளவே.

மெய்யான தீர்வு இவ்வாயுவின் இயல்பிலேயே இருந்தது. ஒரு பங்கு நீர் தன் கனவளவைப்போல் 400 மடங்குக்கும் மேற்பட்ட ஐதரசன் குளோரைட்டைக் கரைக்கவல்லது. இதனைப் பயன்படுத்தியவர் வில்லியம் கொசேஜ் என்பவர். அவர் 1836 இல், கைவிடப்பட்ட காற்றாலை ஒன்றின் கோபுரத்தைச் செடிகொடிகளால் நிரப்பி, மேலிருந்து நீரைச் சொட்டவிட்டுக் கீழிருந்து வாயுவைச் செலுத்தினார். நீர் பரந்த பரப்பில் வாயுவைச் சந்தித்தமையால் அது பெரும்பாலும் கரைந்துபோயிற்று. எனினும், கிடைத்த அமிலத்துக்குப் போதிய சந்தையின்மையால் உற்பத்தியாளர் பலர் இம்முறையை முழுமையாகக் கைக்கொண்டாரில்லை. அமிலத்தை ஓடைகளில் விட்டோரும் உளர். அதனால் வளியின் மாசு நீரின் மாசாயிற்று.

அரசு தலையிடுவதற்கு மேலும் கால் நூற்றாண்டு சென்றது. தலையிடத் தூண்டியவர் சென் ஹெலன்ஸ் நகருக்கு அண்மையில் பெருநிலம் உடைய டார்பிப் பிரபு. அவர் முயற்சியால் 1862 இல் பிரபுக்கள் சபை விசாரணைக் குழுவொன்றை அமைத்தது. அதன் பயனாக நிறைவேறியதே 1863 ஆம் ஆண்டின் காரச் சட்டம். சோடாத் தொழிற்சாலைகள் தாம் வெளிவிடும் இவ்வாயுவில் 95 சதவீதத்தையேனும் ஒடுக்குதல் வேண்டும் என்று அது விதித்தது. முதற் பரிசோதகராக நியமனம் பெற்ற இரசாயனவியலாளர் ரொபேட் அங்கஸ் சிமித், தொழிற்சாலைகளுட் புகுந்து வாயுவை அளந்தார். எவ்வளவு வெளியேறுகின்றது என்று அளந்தறியாதவிடத்துப் பாதுகாப்பு வெறுஞ்சொல்லே என்பதை அவர் பணி உணர்த்திற்று. எனினும், தொழிற்சாலைகள் பெருகியபோது எஞ்சிய 5 சதவீதமும் பெருந்தொகையாயிற்று. எனவே 1874 ஆம் ஆண்டுச் சட்டம், வெளியேறும் வாயுவின் ஒரு கனவடியில் 0.2 கிரெயினுக்கு மேல் அமிலம் இருத்தலாகாது எனவும் வரையறுத்தது.

இதே காலத்தில் வெல்டன், டீக்கன் ஆகியோரின் முறைகள், வீணாகிய அமிலத்திலிருந்து குளோரீனைப் பெற வழிசெய்தன. குளோரீன் சுண்ணாம்புடன் சேர்ந்து வெளிற்றும் தூளாகி இலாபம் தந்தது. நேற்றுவரை வெளியே விரட்டப்பட்ட வாயு இன்று காக்கப்படும் செல்வமாயிற்று. சட்டமும் இலாபமும் ஒரே திசையில் நின்றபோதே அடக்கம் முழுமை பெற்றது எனலாம்.

ஆனால் தொழிற்சாலைக்குள்ளே நிலைமை யாது? காரச் சட்டம் புகைபோக்கிக்கு அப்பாலிருந்த மரங்களையும் பயிர்களையும் காத்தது. உலைக்கு முன்னின்ற மனிதனைப் பற்றி அது பேசவில்லை. உப்பை அமிலத்துடன் காய்ச்சியோரின் பற்கள் அமிலப் புகையால் அரிக்கப்பட்டன. வெளிற்றும் தூளைப் பொதிசெய்தோர், குளோரீன் எஞ்சிய அறைகளுள் பலமடிப்புக் கம்பளித் துணியை வாயிற் கட்டிக்கொண்டு உழைத்தனர். அத்துணியே அவர்களது பாதுகாப்புக் கவசம்! பத்திரிகையாளர் ரொபேட் செராட் இவர்களின் அவலத்தை 1897 இல் நூலாக வெளியிட்டபோது, காரச் சட்டத்துக்கு வயது முப்பத்துநான்கு.

லெபிளாங் முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத் தசாப்தங்களில் மறைந்தது. கொசேஜின் தத்துவமோ மறையவில்லை. அமில வாயுவை நீராற் கழுவும் கோபுரங்கள் இன்றும் இயங்குகின்றன. மூடிய கலங்கள், அரிப்பைத் தாங்கும் குழாய்கள், வளியை அளக்கும் கருவிகள், சுவாசக் கவசங்கள் ஆகியன இன்று அவற்றுடன் சேர்ந்துள்ளன. இவையனைத்தும் தொழில்நுட்பத்தின் கொடைகளே. ஆயின் அவை எவருக்காக, எப்போது பயன்படுத்தப்படும் என்பதைத் தொழில்நுட்பம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அறிந்த தீர்வு சட்டமாவதற்கு 27 ஆண்டுகள் சென்றன; அச்சட்டம் பிறந்தபோதும் முதலிற் காக்கப்பட்டது பிரபுவின் நிலமே, தொழிலாளியின் மூச்சு அன்று. அபாயம் நிறைந்த தொழில் எதனையும் மதிப்பிடுகையில், எவ்வளவு வாயு வெளியேறுகின்றது என்று கேட்பதோடு, அதனை முதலிற் சுவாசிப்பவர் யார் என்றும் கேட்டல் வேண்டும்.