பனந்தோப்பிலிருந்து ஜாமெட்ரி பாக்ஸ் வரை



"நம்ம காலத்துல இப்படியெல்லாம் இல்லையே சார்?" போனில் பேசும் பழைய மாணவர்களில் பாதிப் பேர் இதைத்தான் கேட்கிறீர்கள். போதை அப்போதும் இருந்தது. குடித்தவர்களின் வயதும் குடித்த இடமும்தான் வேறு. வரலாற்று வாத்தியார் என்பதால் கொஞ்சம் பின்னோக்கிப் போகிறேன். பதிவு நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

பெரம்பலூரும் அரியலூரும் 1995 வரை திருச்சி மாவட்டத்தில் இருந்தவை. நமக்குப் பக்கத்து மாவட்டமான சேலத்தில்தான் 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு முதன்முதலில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. அதனால் போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. இன்று நாம் கடையில் கட்டும் வரிக்கு மூதாதை அதுதான்! சாராயக் காசும் அரசுக் கஜானாவும் அன்றைக்கே எப்படிப் பின்னிக் கிடந்தன என்பதற்கு இது ஒன்றே போதும்.

1948-ல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971-ல் நிதி நெருக்கடியைச் சொல்லிக் கடைகள் திறக்கப்பட்டன. இடைப்பட்ட 23 ஆண்டுகளில் வளர்ந்த பிள்ளைகள் ஊரில் அனுமதி பெற்ற கள்ளுக்கடையையே பார்த்ததில்லை. கள்ளச்சாராயம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். 1974-ல் மறுபடி மூடினார்கள், 1981-ல் மறுபடி திறந்தார்கள். 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் அதுவே எடுத்துக்கொண்டது. 2003-04-ல் சுமார் 3,600 கோடி ரூபாயாக இருந்த அரசின் மது வருவாய் 2023-24-ல் 45,000 கோடியைத் தாண்டிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் குடித்தவர் பெரும்பாலும் உழைத்துச் சம்பாதிக்கும் பெரிய ஆள். கள்ளுக்கடை ஊருக்கு வெளியே தோப்பில் இருக்கும். யார் போகிறார், யார் தள்ளாடி வருகிறார் என்று ஊருக்கே தெரியும். சின்னப் பையன் அந்தப் பக்கம் போனால் சித்தப்பனோ மாமனோ காதைத் திருகி இழுத்து வருவார். அந்த ஊர்க்கண்தான் இன்று இல்லை. கூல் லிப், ஹான்ஸ் பொட்டலம் ஜாமெட்ரி பாக்ஸுக்குள் அடங்கிவிடுகிறது. கஞ்சாவும் வலி மாத்திரையும் சட்டைப் பைக்குள் அடங்கிவிடுகின்றன. குட்காவுக்கு 2013-லேயே தடை வந்தும் பெட்டிக்கடையில் கேட்கும் விதத்தில் கேட்டால் கிடைக்கிறது.

பணியின் கடைசி ஆண்டுகளில், மதியத்துக்கு மேல் கண் சொக்கி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் வீடுகளை விசாரிப்பேன். பெரும்பாலும் மூன்று காரணங்கள் தெரியவரும்.

ஒன்று, அப்பா துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பார், அல்லது சிமெண்ட் லாரியில் வாரக்கணக்கில் வெளியூரில் இருப்பார். பணம் வரும், ஆள் வரமாட்டார். பாட்டியால் எவ்வளவு கண்காணிக்க முடியும்?

இரண்டு, கைக்காசு. சென்ட்ரிங் வேலை, கேட்டரிங், மக்காச்சோள மூட்டை தூக்குவது என்று ஞாயிற்றுக்கிழமை கூலிக்குப் போகும் பையனுக்கு, "அலுப்பு தெரியாதுடா" என்று முதல் பொட்டலத்தைக் கொடுப்பது கூட வேலை செய்யும் அண்ணன்தான்.

மூன்று, அவமானம். படிப்பு வரவில்லை என்று வீட்டிலும் பள்ளியிலும் ஒதுக்கப்பட்டவனை 'மச்சான்' என்று தோளில் கை போட்டுச் சேர்த்துக்கொள்ளும் கூட்டம் அது ஒன்றுதான்.

விளைவு அவனோடு நிற்பதில்லை. அம்மாவின் தோடு அடகுக்குப் போகிறது. நெடுஞ்சாலையில் பைக் விபத்து நடக்கிறது. அண்ணனுக்குப் பயந்து தங்கையை அவசரமாகக் கட்டிக்கொடுக்கிறார்கள். 2024 ஜூனில், நமக்கு அதிக தூரமில்லாத கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அப்பா அம்மா இருவரையும் இழந்த பிள்ளைகளும் அங்கே உண்டு.

கடையை மூடச் சொல்லிக் கேட்பது நம் உரிமை, கேட்போம். ஆனால் அரசு கடைகளைத் திறந்தது கஜானாவைப் பார்த்துத்தான் என்பதை மேலே உள்ள ஆண்டுகளே சொல்கின்றன. அதுவரை பிள்ளை காத்திருக்க மாட்டான்.

ஆகவே நீங்கள் செய்யக்கூடியது: வெளிநாட்டில் இருக்கும் அப்பாக்கள் மகனிடம் மார்க்கை மட்டும் கேட்காதீர்கள், யாரோடு சுற்றுகிறான் என்றும் கேளுங்கள். கடை வைத்திருக்கும் மாணவர்களே, சிறுவர்களுக்குப் போதைப்பொருளோ புகையிலையோ கொடுத்தால் 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி 7 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். சிக்கிக்கொண்ட பிள்ளையை அடிக்காதீர்கள், ஒளித்தும் வைக்காதீர்கள். இது வைத்தியம் தேவைப்படும் நோய். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். 14446 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும்.

எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நமக்குத் தேவைப்படாவிட்டாலும் பக்கத்து வீட்டுக்குத் தேவைப்படலாம்.

என்றும் உங்கள் வாத்தியார் 🙏