மகாசபையும் வாரியங்களும்: உத்தரமேரூர்ச் சாசனங்கள் காட்டும் பொறுப்பளிப்பு முறை

உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவர்களில் முதற் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளுக்குரிய (கி.பி. 919, 921) இரண்டு சாசனங்கள் உள. குடவோலைத் தேர்தலுக்குச் சான்றாகவே அவை பெரிதும் எடுத்தாளப்படுகின்றன. ஆயினும் தேர்தல் அவற்றின் ஒரு பகுதியே. தன் பணிகளைச் சிலரிடம் ஒப்புவித்த பின்னரும் ஒரு சபை தன் தலைமையை இழவாதிருப்பது எங்ஙனம் என்னும் வினாவுக்கும் அவை விடை பகர்கின்றன.

உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. 921ஆம் ஆண்டுச் சாசனப்படி, குடும்புக்கு ஒருவராகத் தேர்ந்த முப்பதின்மருள் 12 பேர் சம்வத்சர வாரியத்திற்கும், 12 பேர் தோட்ட வாரியத்திற்கும், 6 பேர் ஏரி வாரியத்திற்கும் அமர்த்தப்பட்டனர். பொன் வாரியத்திற்கும் பஞ்சவார வாரியத்திற்கும் அறுவர் அறுவராக வேறே தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஏரியையும் தோட்டத்தையும் நாள்தோறும் பேணுதல் வாரியத்தார் கடன். சபை தன்னிடம் நிறுத்திக்கொண்டவை மூன்று: புகுவோரின் தகுதி, பணியின் காலவரை, கணக்கு.

தகுதியில் இறைநிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி, ஒழுக்கம் ஆகியன வேண்டப்பட்டன. சம்வத்சர வாரியத்திற்கோ, தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் முன்பு செய்த கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தோரே உரியர். சிறு பொறுப்பில் தேறியவருக்கே பெரும் பொறுப்பு என்பது இதன் கருத்து. ஓலை எடுக்குங்கால் ஊரிலுள்ள நம்பிமார் ஒருவரும் ஒழியாமல் சபையில் இருத்தல் வேண்டும். அவருள் மூத்தவர் குடத்தை யாவரும் காண உயர்த்துவார். உள்ளிருப்பது அறியாப் பாலகன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதனை ஏற்று வாசிப்பான். நம்பிமாரும் அதனை வாசிப்பர்.

காலவரை 360 நாள். இடையில் குற்றம் கண்டால் அப்போதே விலக்கம். வாரியம் செய்தவர் மூன்றாண்டு கழியாமல் மீண்டும் புகலாகாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரோ என்றும் விலக்கப்பட்டார். அவருடைய உறவினரும் விலக்கப்பட்டனர். கணக்கெழுதுவோனும் தன் கணக்கைப் பெருமக்கள்முன் காட்டித் தூயன் எனத் தெளிந்த பின்னரே வேறு கணக்கில் புகலாம்.

இவ்வேற்பாடு ஒரே முயற்சியில் அமைந்ததன்று. 919இல் 30க்கு மேல் 60க்குள் என விதித்த வயது, 921இல் 35க்கு மேல் 70க்குள் என மாறிற்று, விதிகளும் விரிவாயின. இருமுறையும் அரசாணையுடன் வந்த அதிகாரி உடனிருக்கச் சபை கூடியது. பொறுப்பைக் கொடுத்துவிட்டு வாளா இராமல், கொடுத்த முறையையே சபை மறுபடி ஆராய்ந்தது என்பது இதனால் விளங்கும்.

இவற்றுக்குப் பிற்பட்ட ஸ்ரீபாஷ்யத்தில், பராயத்தாதிகரணத்தில், எம்பெருமானார் ஓர் உவமை காட்டுகிறார். இருவர்க்குப் பொதுவான பொருளைப் பிறர்க்களிக்க விரும்பும் ஒருவன் மற்றவன் அநுமதியின்றி அளிக்க இயலாது. ஆயினும் அவ்வநுமதியைப் பெற்றவன் அவனே ஆதலின் பலன் அவனையே சாரும். ஜீவனுடைய கர்த்ருத்வம் பரமாத்மாவுக்கு அதீனமாயினும் முயற்சி ஜீவனுடையதே என்பதை விளக்க வந்த உவமை இது. சாசனத்துக்கும் இதற்கும் வரலாற்றுத் தொடர்பு கூற இடமில்லை. எனினும் அநுமதியும் முயற்சியும் ஒன்றையொன்று அழியாமல் நிற்கும் நிலையை வாரியத்தாரிடமும் காணலாம். ஆணை சபையினது, செய்கையும் அதற்கு விடையிறுத்தலும் செய்தவருடையன.

1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின்கீழ், உடுமலைப்பேட்டை முதலான கொங்கு ஊர்களின் கோயில்கள் உட்படத் தமிழகத் திருக்கோயில்களில் அறங்காவலர் பொறுப்பும் செயல் அலுவலர் பொறுப்பும் வேறாக வகுக்கப்பட்டுள்ளன. வரவு செலவுத் திட்டமும் தணிக்கையும் விதிக்கப்பட்டுள்ளன. நாட்பணி ஒருவரிடம் ஒப்புவிக்கப்பட்டது என்பதால் அறங்காவலர் கடன் தீர்ந்துவிடாது. திருவிளக்கு எண்ணெய் முதல் திருப்பணி வரை கணக்கைக் கேட்டுப் பெறும் கடன் அவர்க்கு உண்டு. கணக்குக் கேளாத சபை பொறுப்பை ஒப்புவித்ததாகாது, கைவிட்டதாகும் என்பதே உத்தரமேரூர்ச் சாசனங்களால் பெறப்படும் பொருள்.